கிட்டத்தாரின் நீளக் கார்

மொன்றியலுக்கு வந்து சேர்ந்த எங்கள் சனத்துக்குள்ளே, தான் எங்கே போகிறேன் என்று ஒரு குஞ்சு குருமானுக்கும் சொல்லாமல், ஒரு கட்டடத்துச் சனம் முழுவதையும் காரில் ஏற்றி ஏற்றி இறக்கிய மனிதர் கிட்டத்தார் ஒருவர்தான். அப்படி இன்னொருவர் இருந்தார் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். பொதுவாகவே யார் எதைச் சொன்னாலும் உடனே நம்புகிற பழக்கம் எனக்கு இல்லை.

தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். அதைச் சொல்லி ஒருவரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கிட்டத்தார் என்ற பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒருவர் வெளிக்கிட்டுப் படியிறங்கும்போது "எங்கை போறியள்?" என்று கேட்கக்கூடாது. கேட்டால் போகிற காரியம் சரிவராது. கேட்காமல் இருக்கவே முடியாது, நாக்குத் துடிக்கிறது என்றால், "தூரவோ?" என்று கேட்டுக்கொள்ளலாம். அதற்கு மற்றவர்கள் ஏதாவது ஒரு விவரம் சொல்லுவார்கள். இவர் மட்டும் "கிட்டத்தான்" என்பார். மூலையில் இருக்கிற டெப்பனர் கடையில் பால் வாங்கப் போனாலும் கிட்டத்தான். ஒருமுறை தோளில் பையைப் போட்டுக்கொண்டு "கிட்டத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனவர் மூன்றாம் நாள் திரும்பி வந்தார். ரொறொன்ரோவுக்குப் போய் வந்தாராம்.

அகதியாய் வந்த எண்பதுகளில் நாங்கள் எல்லாரும் ஒரே கட்டடத்தில் இருந்தோம். மேல் மாடியில் நாலைந்து பெடியன்களோடு கிட்டத்தார். வயது முப்பதைத் தாண்டியிருக்கும். டவுன்டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிற வேலை. இரண்டாம் மாடியில் நான், என் மகன், என் தங்கையின் மகள் சாந்தி. மகனுக்கு இரவில் வேலை, பகலில் நித்திரை. ஆதலால் அவனை வீட்டில் ஓர் ஆள் என்று கணக்கில் எடுக்க முடியாது. எங்களுக்கு எதிர்க்கதவு பாக்கியம். உடம்பும் பெரிது, வாயும் பெரிது. சந்தேகப்படுவதில் எனக்கு அடுத்தபடி அவள்தான்.

பனி உருகிக்கொண்டிருந்த ஒரு நாள் காலை, வாசலில் ஹோர்ன் சத்தம் கேட்டு நாங்கள் எல்லாரும் ஜன்னலில் தொங்கினோம். கீழே ஒரு கார். அதைக் கார் என்று சொல்வதா, ரயில் பெட்டி என்று சொல்வதா தெரியவில்லை. அவ்வளவு நீளம். இரண்டு பக்கமும் பலகை அடித்த மாதிரி வேலைப்பாடு. ஒரு கதவு மட்டும் வேறு நிறம். கடைசியில் ஓர் இருக்கை, முதுகைக் காட்டி, பின் ரோட்டைப் பார்த்தபடி இருந்தது. பக்கத்தில் கிட்டத்தார், கலியாண மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

பாக்கியம் என் காதுக்குள், "அக்கா, உது காரோ, பிரேதம் ஏத்திற வாகனமோ?" என்றாள்.

"நல்ல நாளும் அதுவுமா வாயைக் கழுவடி."

நாலு சில்லுக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தோம். நான் கற்பூரம் காட்டினேன். கிட்டத்தார் தேங்காயை ஓங்கி ரோட்டில் அடித்தார். அது சிதறி, ஒரு துண்டு போய்க் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற இத்தாலிக் கிழவரின் காலில் பட்டது. கிழவர் ஏதோ கத்திக்கொண்டு வந்தார். எங்களைப் பார்த்தார், நசிந்த எலுமிச்சம்பழங்களைப் பார்த்தார், தேங்காய்த் துண்டை எடுத்து மணந்து பார்த்தார். பிறகு அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு பேசாமல் போய்விட்டார். பொலிஸுக்குக் காட்டுவதற்கு எடுத்துப் போகிறார் என்றாள் பாக்கியம். தின்றிருப்பார் என்று நான் நினைக்கிறேன்.

அந்தக் காரை வைத்து அவர் காட்டிய கூத்துகள் ஒன்றல்ல. வேலை முடிந்து வந்ததும் பற்றரியைக் கழற்றி, துவாயால் சுற்றி, நெஞ்சோடு அணைத்தபடி மேல் மாடிக்குத் தூக்கிப் போவார். குளிருக்கு விட்டால் பற்றரி செத்துப்போகும் என்பது அவர் சொல்லும் காரணம். வைகாசி பிறந்து, மரமெல்லாம் இலை விட்ட பிறகும் தூக்கிப் போனார். பற்றரிக்குப் பக்கத்தில் படுத்திருந்து அதோடு கதைக்கிறார் என்று கூட இருந்த பெடியன்கள் சொன்னார்கள்.

இன்னொரு பழக்கம், காரை எங்கே நிறுத்தினாலும் பின்பக்கமாக உள்ளே தள்ளி, முகத்தை ரோட்டுக்குக் காட்டித்தான் நிறுத்துவார். அது எங்களுக்கு விளங்கும். ஊரில் கலவரம், சுற்றிவளைப்பு என்று ஓடித் திரிந்த காலத்தில் வாகனம் வைத்திருந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் விட்டார்கள். ஏதும் நடந்தால் திருப்பிக்கொண்டு நிற்க நேரம் இருக்காது. ஆனால் ஊரில் துவக்குக்குப் பயந்து செய்ததை, இங்கே காய்கறிக் கடை வாசலிலும் செய்துகொண்டிருந்தவர் அவர்தான்.

கார் வருவதற்கு முன் நாங்கள் பட்ட பாட்டை இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிக்கும். அரிசி மூட்டையை மெற்றோப் படிகளில் பிரேதம் இழுப்பது போல இழுத்து வருவோம். லவாலுக்கு அப்போது மெற்றோ கிடையாது. பாலத்துக்கு அந்தப் பக்கம் மலை மலையாய்க் கடைகள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டதோடு சரி. ஆகவே சனிக்கிழமை என்றால் கிட்டத்தாரின் காரில் இடம் பிடிக்கிற அடிபிடி தொடங்கிவிடும். நாங்கள் நாலைந்து பெண்கள் பைகளோடு ஏறிக்கொள்வோம். அவர் வெளிக்கிடுகிறார், நாங்களும் வெளிக்கிடுகிறோம். ஆகையால் எங்கே என்று ஒருவரும் கேட்கக்கூடாது. அவரும் சொல்லமாட்டார்.

முதல் பயணம். அரிசி, பருப்பு, மீன் என்ற நினைப்பில் நாங்கள் போகிறோம். பாலம் கடந்து, சுற்றிச் சுற்றி, ஒரு பெரிய கடை வாசலில் காரைப் பின்பக்கமாகச் செருகி நிறுத்தினார். "இறங்குங்கோ, இதுதான்," என்றார். முகத்தில் ஓர் அசைவு கிடையாது. உள்ளே போனால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை கட்டிலும் மெத்தையும். வேறு ஒரு சாமானும் இல்லை.

"தம்பி, இஞ்சை அரிசி இருக்குமோ?" என்று நான் கேட்டேன்.

"பாருங்கோ அக்கா. வந்த இடத்திலை எல்லாத்தையும் பாக்கவேணும்."

நாங்கள் அப்போது யாரோ ரோட்டில் எறிந்த மெத்தையைத் தூக்கி வந்து நிலத்தில் போட்டுப் படுத்திருந்த காலம். பாக்கியம் ஒரு கட்டிலில் மெல்ல இருந்து பார்த்தாள். பிறகு சரிந்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினாள். அதைப் பார்த்து மற்றவர்களும் ஆளுக்கொரு கட்டிலில் ஏறிவிட்டார்கள். நான் மட்டும் மரியாதையாக நின்றேன். கடைக்காரன் கையைப் பிசைந்துகொண்டு அங்குமிங்கும் ஓடினான். அரிசி இல்லாமல் வீட்டுக்கு வந்தாலும், அந்த ஒரு கிழமை முழுவதும் எங்கள் கட்டடத்தில் மெத்தைக் கதைதான்.

இப்படி இருக்கும்போதுதான் விஷயம் என் வீட்டுக்குள் வந்தது. அதுவரை என்னை "அக்கா, அக்கா" என்று கூப்பிட்ட மனிதர், ஒரு நாள் காரிலிருந்து என் பையை இறக்கித் தரும்போது, நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "கவனமாப் பிடியுங்கோ மாமி," என்றார்.

பை என் கையிலிருந்து நழுவிவிட்டது. தமிழ்ப் பிறப்புக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையா? நான் அவருக்கு மாமி என்றால், என்னோடு இருக்கிற குமர்ப்பிள்ளை அவருக்கு யார்? பக்கத்தில் நின்ற சாந்தி உருண்டோடிய வெங்காயத்தைப் பொறுக்குவது போலக் குனிந்தவள், நிமிரவே இல்லை.

சாந்தி தையல் தொழிற்சாலையில் வேலை செய்தாள், பின்னேரத்தில் பிரெஞ்சு வகுப்புக்குப் போனாள். ஊரில் அவளைப் பஸ் ஏற்றிவிட்ட அன்று என் தங்கை, "அக்கா, இவளை உன்ரை கையிலை தாறன்," என்று சொல்லி அழுதாள். நல்ல ஒருவனிடம் இவளைச் சேர்க்காவிட்டால் நான் அந்தத் தங்கையின் முகத்தில் எப்படி விழிப்பது? அதுவும் எங்கே போகிறேன் என்றுகூட வாய் திறந்து சொல்லாத ஒருவரை நம்பி?

"என்னடி பிள்ளை, உனக்கு விருப்பமோ?" என்று கேட்டேன்.

"நீங்கள் பாத்துச் செய்யுங்கோ பெரியம்மா," என்றாள். ஆனால் சனிக்கிழமை காலையில் வழக்கத்தைவிட நேரத்தோடு தலை இழுத்துப் பின்னத் தொடங்கினாள். நான் பார்த்துச் செய்வது என்று முடிவு செய்தேன். பார்ப்பது என்றால், உற்றுப் பார்ப்பது.

அந்தக் கோடையில் ஒரு சனிக்கிழமை, "சாப்பாடு கட்டிக்கொண்டு வாங்கோ, பொழுதுபட வெளிக்கிடுவம்," என்றார் கிட்டத்தார். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டி, பிளாஸ்கில் தேநீரும் ஊற்றிக்கொண்டு ஏறினோம். கார் போய் ஒரு பெரிய வெளியில் நின்றது. காரில் இருந்தபடியே படம் பார்க்கிற இடமாம். வயல் நடுவில் வீடளவு வெள்ளைத் திரை. அதைப் பார்த்தபடி வரிசை வரிசையாகக் கார்கள். எல்லாக் காரும் திரையைப் பார்க்கின்றன. எங்கள் காரைக் கிட்டத்தார் என்ன செய்தார்? வழக்கம்போலத் திருப்பி, பின்பக்கமாகத் தள்ளி, முகத்தை வெளி வாசலுக்குக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, படம் அந்தப் பக்கம்," என்றேன்.

"தெரியும் மாமி. ஏதும் எண்டால் ஓடவேணுமெல்லே."

"படம் பாக்க வந்த இடத்திலை என்ன நடக்கப்போகுது?"

"அது நடந்தாப் பிறகுதானே தெரியும்?"

நாங்கள் இருக்கைகளில் முழங்காலில் நின்று, கோயிலில் கும்பிடுகிறவர்கள் மாதிரிப் பின்னால் திரும்பிப் படம் பார்த்தோம். சாந்தி மட்டும் அந்தக் கடைசி இருக்கையில் ராசாத்தி போல இருந்து நேராகப் பார்த்தாள். பக்கத்துக் கார்க்காரர்கள் திரையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். படம் பிரெஞ்சில் நடந்தது. பாக்கியம்தான் எங்களுக்குக் கதை சொன்னாள். "உவன்தான் கள்ளன் அக்கா. முழியைப் பாருங்கோ. அந்தப் பெட்டைக்கு விளங்கேல்லை, விசரி." கடைசியில் அவள் கள்ளன் என்றவன்தான் பெண்ணைக் கட்டினான். அதற்குப் பிறகும் பாக்கியம் விடவில்லை. "இருந்து பாருங்கோ, பேந்து விட்டிட்டு ஓடுவான்."

நான் படத்தைப் பாதிதான் பார்த்தேன். மீதி நேரம் கிட்டத்தாரைப் பார்த்தேன். அவர் ஒருவர்தான் திரும்பாமல் முன்னுக்குப் பார்த்தபடி இருந்தார். தலைக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் படம் பார்த்தாராம். அந்தக் கண்ணாடியை நான் எட்டிப் பார்த்தேன். அதில் திரை பாதி தெரிந்தது. மற்றப் பாதியில் சாந்தியின் பின்னல் தெரிந்தது. அவர் எந்தப் பாதியைப் பார்த்தார் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் பின்னலைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் நல்ல மாப்பிள்ளைகள் ஆகிவிட முடியாது.

புரட்டாசிச் சனி வந்தது. பாக்கியம் விரதம். பூசை நடக்கிற நிலக்கீழ் மண்டபத்துக்குத்தான் கார் போகிறது என்று அவளே தீர்மானித்து, பட்டுச்சேலை உடுத்து, சனீஸ்வரனுக்கு எரிக்க நல்லெண்ணெய்ப் போத்தலும் கையுமாக ஏறினாள். கார் போனது, போனது, வீடுகள் முடிந்து வயல்கள் தொடங்கும்வரை போனது. கடைசியில் நின்ற இடம் ஒரு பூசணித் தோட்டம். கண் எட்டுகிற தூரத்துக்குப் பூசணிக்காய்.

கிட்டத்தார் கொஞ்ச நேரம் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். பிறகு, "இறங்குங்கோ, இதுதான்," என்றார்.

"தம்பி, இஞ்சை எங்கை சனீஸ்வரன்?" என்று பாக்கியம் கேட்டாள்.

"நீங்கள்தானே அக்கா எண்ணெய் கொண்டு வந்தனீங்கள்? கொளுத்துங்கோ, வருவார்."

பட்டுச்சேலை சேற்றில் இழுபட, ஆளுக்கு இரண்டு பூசணிக்காய் தூக்கிக்கொண்டு வந்தோம். அந்தக் கிழமை முழுவதும் எங்கள் கட்டடத்தில் ஏறி இறங்கிய எல்லா மணமும் பூசணிக்காய் மணம். சிரிப்பெல்லாம் சரி. ஆனால் அன்றைக்குத் திரும்பி வரும்போது அவர் கழுத்து வியர்த்திருந்ததை நான் கண்டேன். குளிர் தொடங்கின காலத்தில் மனிதருக்கு ஏன் வியர்க்கிறது?

அதற்குப் பிறகுதான் வெள்ளிக்கிழமைப் பயணம் தொடங்கியது. வெள்ளி பின்னேரமானால் முகம் கழுவி, தலை இழுத்து, தனியே காரில் ஏறிப் போவார். படியில் நின்று, "தம்பி, தூரவோ?" என்று கேட்டேன். "கிட்டத்தான் மாமி." பொழுதுபட்டு, களைத்து, விறைத்துப்போய் வருவார். எங்கே போகிறார்? யாரிடம் போகிறார்?

பாக்கியம் சும்மா இருப்பாளா? சனிக்கிழமை சாமான் ஏற்றும்போது காரின் பின் மூலையில் ஒரு பையைக் கிண்டிவிட்டாள். அதற்குள் ஒரு பெண்பிள்ளையின் சிவப்புக் கவுண். நல்ல துணி. வெள்ளைக்காரிகள் போடுகிற மாதிரி.

"அக்கா! ஆள் ஒருத்தியை வைச்சிருக்குது!"

"சத்தம் போடாதை. பிள்ளைக்குக் கேக்கும்."

அடுத்த சனிக்கிழமை நானே பையைத் திறந்து பார்த்தேன். அதே கவுண். ஆனால் ஒரு கையைக் காணவில்லை. அதற்கு அடுத்த கிழமை இரண்டு கையும் இல்லை. பிறகு கழுத்துப் பட்டி போய்விட்டது. பிறகு கீழிருந்து ஒரு சாண் போய்விட்டது. கவுண் கிழமைக்குக் கிழமை தேய்ந்துகொண்டே வந்தது. பாக்கியம் சாப்பாட்டை விட்டுவிட்டாள். "அக்கா, உடுப்பே இப்பிடி எண்டால், உடுத்தவளின்ரை கதி என்ன?" என்று என் கையைப் பிடித்தாள். கொலை என்று நான் நினைக்கவில்லை. ஆனால் சாந்தியை அவருக்குக் கொடுக்கமுடியாது என்று அன்றைக்கு முக்கால்வாசி முடிவு எடுத்துவிட்டேன். கால்வாசியை மிச்சம் வைத்தது, என் கண்ணால் பார்க்காமல் ஒன்றையும் முடிக்கிறவள் நான் அல்ல என்பதற்காக.

வெளிக்கிடுகிறவரிடம் எங்கே என்று கேட்கக்கூடாது, சரி. ஆனால் காரில் ஏறக்கூடாது என்று எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது? அடுத்த வெள்ளி, அவர் இறங்கி வருவதற்கு முன்னமே குளிர்க்கோட்டும் தலையில் சால்வையுமாக முன் இருக்கையில் போய் இருந்துவிட்டேன்.

கிட்டத்தார் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். "மாமி... தூரவோ?"

"கிட்டத்தான்," என்றேன்.

அவர் பற்றரியைப் பூட்டினார், காரை எடுத்தார். பாலம் ஏறினோம், இறங்கினோம். நான் சால்வைக்குள் விரலை மடக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். எந்த வீட்டு வாசலில் நிற்கப்போகிறது, எந்த வெள்ளைக்காரி வந்து கதவைத் திறக்கப்போகிறாள் என்று ஒவ்வொரு வளைவிலும் பார்த்தேன். கார் ஒரு முச்சந்தியில் ஓரமாக நின்றது. அங்கே வீடு இல்லை, வாசல் இல்லை, வெறும் விளக்குக் கம்பம். கிட்டத்தார் இறங்கினார். பின்னால் போய்ப் பையை எடுத்தார். கத்திரிக்கோல் எடுத்தார். கவுணிலிருந்து ஒரு கீலம் வெட்டி, அந்தக் கம்பத்தில் கட்டினார்.

செய்வினை! ஊரில் இதை எல்லாம் அரச மரத்தில் கட்டுவார்கள். இந்த மனிதர் கரண்ட் கம்பத்தில் கட்டுகிறார்!

கண்ணாடியை இறக்கி, "தம்பி, ஆருக்கு உது?" என்று கத்தினேன்.

"எங்களுக்குத்தான் மாமி. நாளைக்கு."

"நாளைக்கு எங்களுக்கு என்ன செய்யப் போறீர்?"

அவர் வந்து காருக்குள் இருந்தார். கையை ஊதி ஊதிச் சூடாக்கினார். பிறகுதான் வாயைத் திறந்தார். அவ்வளவு நீளமாக அவர் கதைத்ததை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

"இஞ்சத்தை ரோட்டுப் பலகையள் எனக்குப் பிடிபடுதில்லை மாமி. சிவப்பு, பச்சை, அம்புக்குறி எல்லாம் தெரியும். ஊரின்ரை பேர்தான் பிழைக்குது. நீங்களே சொல்லுங்கோ, எந்தப் பலகையைப் பாத்தாலும் செயின்ற் எண்டு ஒரு சாமியாரின்ரை பேர்தான். ஒண்டு தாண்ட இன்னொரு சாமியார். கார் ஓடேக்கை எந்தச் சாமியாரிட்டைத் திரும்பிறதெண்டு எப்பிடி வாசிக்கிறது? அண்டைக்குப் பூசணித் தோட்டத்திலை நிண்டு, வீட்டை போற வழி தெரியாமல், என்ரை சீவன் போட்டுது. காருக்குள்ளை நாலைஞ்சு பொம்பிளையள். சாந்தியும் இருந்தவ. அதுதான் பழைய உடுப்புக் கடையிலை இதை வாங்கினனான். முதல் நாள் வந்து, தேடிப் பிடிச்சு, திரும்பிற இடமெல்லாம் கட்டி வைச்சால் அடுத்த நாள் பிழைக்காது."

"அப்ப அந்த மெத்தைக் கடை?"

"அது மீன் கடைக்கு எண்டு வெளிக்கிட்டது."

"ஐயா, இதை எங்களிட்டை முதலே சொன்னால் என்ன?"

"சொன்னால் அங்கை போய்ச் சேரவேணுமெல்லே மாமி. சொல்லாட்டி, போய்ச் சேருற இடம்தானே போக வந்த இடம்."

எனக்கும் எழுத்தென்றால் அரைகுறை. இங்கத்தைப் பலகைகளைக் கண்டால் நானும் தலையைத் திருப்பிக்கொண்டு, கவனிக்காதவள் மாதிரிப் போகிறவள்தான். ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை. கேட்கவேண்டியதைக் கேட்டேன்.

"தம்பி, சாந்தியை உம்மடை கையிலை தந்தால், அவளுக்காவது எங்கை போறனெண்டு சொல்லிப்போட்டுப் போவீரோ?"

"அவவும் கூட வாறாதானே மாமி," என்றார். "பிறகென்ன சொல்லக் கிடக்கு?"

அடுத்த முச்சந்தியில் அவர் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முடிச்சுப் போடும்போது, பின்னால் ஒரு பொலிஸ் கார் வந்து நின்றது. விளக்குச் சுழன்றது. எங்கள் ஒருவருக்கும் அகதி வழக்கு முடியவில்லை. பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டாலே ஜன்னலைச் சாத்துகிற காலம்.

இறங்கி வந்த பொலிஸ்காரன் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். மனிதர் ஒருவர், ஒரு கையில் கத்திரிக்கோல், மறு கையில் பெண்பிள்ளை ஒருத்தியின் உடுப்பின் மிச்சம். காருக்குள் சால்வையால் தலையை மூடி, முறைத்துக்கொண்டு ஒரு மனுஷி. நான் பொலிஸாக இருந்திருந்தால் அன்றைக்கே அவரைப் பிடித்து உள்ளே போட்டிருப்பேன்.

பொலிஸ்காரன் பிரெஞ்சில் ஏதோ கேட்டான், ரோட்டுப் பக்கம் கையைக் காட்டிக் கேட்டான். எங்கே போகிறாய் என்று கேட்கிறான், அது எனக்கே விளங்கிற்று. கிட்டத்தார் வாயைத் திறந்தார், மூடினார். பாவி, நடு வழியில் வைத்து எங்கே என்று கேட்டுவிட்டானே! இந்த மனிதர் செத்தாலும் சொல்லமாட்டாரே! பொலிஸ்காரன் இன்னொருமுறை, சத்தத்தைக் கூட்டிக் கேட்டான். கிட்டத்தார் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கையை என் பக்கம் நீட்டி, பிரெஞ்சில் இரண்டு சொல் சொன்னார்.

பொலிஸ்காரன் குனிந்து என் முகத்தை ஆறுதலாகப் பார்த்தான். நானும் விடாமல் அவனைப் பார்த்தேன். அவன் நிமிர்ந்து, பெரிய மூச்சொன்று விட்டு, செத்த வீட்டில் தட்டுவது போலக் கிட்டத்தாரின் தோளில் தட்டினான். ஒன்றும் எழுதவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. போய்விட்டான்.

"என்ன தம்பி சொன்னனீர் அவனுக்கு?"

"ஒண்டுமில்லை மாமி." காது மடல் இரண்டும் சிவந்துபோய் இருந்தது. குளிராக இருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, பாக்கியம் சாந்திக்கு முன்னால் ஓடி வந்தாள். "பொம்பிளையைக் கண்டனீங்களோ? உசிரோடை இருக்கிறாளோ?" நான் கம்பத்துக் கதையைச் சொன்னேன். பாக்கியத்தின் முகத்தில் விழுந்த ஏமாற்றத்தைப் பார்க்க வேண்டும். பிறகு பொலிஸ் கதையைச் சொன்னேன்.

சாந்தி, "அவர் என்ன சொன்னவர் பெரியம்மா? நினைவு இருந்தால் அந்தச் சொல்லைச் சொல்லுங்கோ," என்றாள்.

"என்னைக் காட்டி, பெல் மேர் எண்டோ என்னவோ சொன்னவர்."

சாந்தி வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். அவள் சிரித்து முடிக்கும்வரை நாங்கள் இரண்டு பேரும் கதவில் நின்றோம். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமியார் எண்டு சொல்லியிருக்கிறார் பெரியம்மா," என்றாள்.

பாக்கியம் என்னைப் பார்த்தாள். நான் கதிரையில் இருந்தேன். யோசிக்கிற விஷயம்தானே. அகதி வழக்குக்காரர் எல்லாருக்கும் வக்கீல்மார் ஒரே பாடத்தைத்தான் சொல்லி வைத்திருந்தார்கள்: ஒருக்கால் சொன்னதை மாற்றிச் சொல்லக்கூடாது, மாற்றிச் சொன்னால் எல்லாம் போச்சு. கிட்டத்தார் அரசாங்கத்துப் பொலிஸுக்கு முன்னால், நடு ரோட்டில், என்னை மாமியார் என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டார். இனி அவர் சாந்தியைக் கட்டாவிட்டால் அது பொய்ச் சாட்சி. அவருக்கும் ஆபத்து, பக்கத்தில் இருந்து மறுக்காத எனக்கும் ஆபத்து.

"பிள்ளை," என்றேன், "வேறை வழியில்லை. தை பிறக்கட்டும்."

"ஓம் பெரியம்மா," என்றாள். அவ்வளவு கெதியாய் அவள் எனக்கு மறுமொழி சொன்னதே இல்லை. கொஞ்சம் பொறுத்து, "ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. என்ரை உடுப்பு ஒண்டையும் வெட்டக்கூடாது," என்றாள்.

தையில் கலியாணம் நடந்தது. பாக்கியம் அதே பட்டுச்சேலையில் வந்து, "இருந்து பாருங்கோ," என்று என் காதுக்குள் சொன்னாள். இருந்து பார்த்தோம். பார்த்துக்கொண்டே இருக்கிறோம். இரண்டு பேரும் ரொக்ஸ்பரோவில் வீடு வாங்கி, பிள்ளைகள் வளர்ந்து, கிட்டத்தாரின் தலையும் வெளுத்துவிட்டது.

நான் அன்றைக்குச் சந்தேகப்பட்டது பிழை என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். குமர்ப்பிள்ளையைப் பொறுப்பெடுத்தவள் சந்தேகப்படத்தான் வேண்டும். என் குணமே அப்படி. பஸ்ஸில் ஏறினால் டிரைவரின் பிடரியைப் பார்த்தபடி இருப்பேன். ஊரிலிருந்து வந்த அத்தனை நேரமும் விமானத்தில் கண் மூடவில்லை, ஓட்டுகிறவனை எனக்குத் தெரியாது. மகனுடைய காரில் போகும்போது, அவனைவிட நான்தான் கூடுதலாக பிரேக்கை மிதிக்கிறேன். கிட்டத்தார் வந்து கதவைத் திறந்து விட்டால், ஏறி, சால்வையைத் தலைவரை இழுத்து மூடுவேன். பாலம் வருவதற்கு முன்னமே எனக்கு நித்திரை வந்துவிடும்.